பகைவரின் காயத்தைக் காண்பது துரோகமா?

சமாரியாவின் சிக்கார் ஊர்க் கிணற்றருகே நம் ஆண்டவர் களைப்புடன் அமர்ந்து, ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்ட நிகழ்ச்சியைத் தவக்காலத் திருப்பலியில் நாம் கேட்டிருக்கிறோம். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாத காலம் அது. சந்தைக்குப் போய்த் திரும்பிய சீடர்கள் வியப்படைந்தனர். ஆயினும் வாய்திறந்து கேட்கத் துணியவில்லை. துணிந்து பேசியவர்கள் அவருடைய எதிரிகளே. யெருசலேமில் அவர்மீது அவர்கள் வீசிய வசைச்சொல் 'சமாரியன்' என்பது. பகைவரோடு பேசியவனைப் பகைவரின் ஆள் என்று ஏசும் வழக்கம் அத்துணைப் பழமையானது.

அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. பாலஸ்தீனர் வாழும் மேற்குக் கரையில், நாப்லஸ் நகரில், ஒரு கோவிலுக்குள் அது பாதுகாக்கப்படுகிறது. அதன் அருகிலேயே பலாட்டா என்னும் அகதி முகாம். ஆண்டவர் அமர்ந்த கிணறும் மக்கள் வீடிழந்து தங்கிய முகாமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த நாட்டில்தான் 2014-ஆம் ஆண்டு ஒரு பேராசிரியர்மீது அதே பழைய வசை மீண்டும் வீசப்பட்டது. அவர் செய்த குற்றம், தம் மாணவர்களை ஒரு பயணம் அழைத்துச் சென்றதே.

இருபத்தேழு மாணவர்கள்

முகமது தஜானி தாவூதி 1946-இல் யெருசலேமில் பிறந்த இஸ்லாமியர். இளமையில் பாலஸ்தீன விடுதலைக்காகப் போராடிய ஃபத்தா இயக்கத்தில் தீவிரமாக உழைத்தவர். அதனால் நெடுங்காலம் தாயகத்திற்குத் திரும்ப இயலாதிருந்தவர். 1993-இல் திரும்பி வந்தபோது அவருடைய தந்தை புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். திருமுழுக்கு யோவான் பிறந்த ஊர் என்று மரபு கூறும் ஐன் கெரெமில் உள்ள மருத்துவமனையில் இஸ்ரயேல் மருத்துவர்கள் அவருக்குச் சிகிச்சை அளித்தனர். தந்தையை அவர்கள் பகைவராக அன்றி ஒரு நோயாளியாகவே நடத்தியதைக் கண்ட மகனின் உள்ளத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

பின்னர் அவர் அல்-குத்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2007-இல் நடுநிலை வழியைப் போதிக்கும் 'வசத்தியா' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகமும் இஸ்ரயேலின் பென் குரியன் பல்கலைக்கழகமும் பங்கு கொண்ட ஓர் ஆய்வுத் திட்டத்தில் அவரும் இணைந்தார். அத்திட்டத்தின் பெயரே ஒரு மறையுரை: 'கல்லாலான இதயமல்ல, சதையாலான இதயம்.' இறைவாக்கினர் எசேக்கியேலின் 36-ஆம் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு இப்பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

திட்டம் எளிமையானது. பாலஸ்தீன மாணவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமைக் காணவேண்டும்; இஸ்ரயேல் மாணவர் பெத்லகேமை அடுத்த தெய்ஷே முகாமின் அகதிகளுடைய துயரத்தை அறியவேண்டும். இவ்விரண்டையும் கண்ட இளைஞரின் மனத்தில் மாற்றாருடைய துன்பத்தைக் குறித்து என்ன நிகழ்கிறது என்பதை ஆராய்வதே நோக்கம். 2014 மார்ச்சில் 27 பாலஸ்தீன மாணவர்கள் பேராசிரியரோடு போலந்து சென்றனர். ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம் அது. அவர்களுள் பத்து லட்சம் பேர் யூதர். அந்தக் கம்பிவேலிகளுக்கு இடையே அந்தப் பிள்ளைகள் நடந்தார்கள்.

அவர்கள் வீடு திரும்புமுன்னரே புயல் எழுந்தது. யூத அமைப்புகளின் பணத்தில் சென்றார்கள் என்ற வதந்தி பரவியது. உண்மையில் செலவை ஏற்றது ஜெர்மானிய ஆய்வு நிறுவனம். பல்கலைக்கழகம், இப்பயணத்திற்கும் தனக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தது. பணியாளர் சங்கம் அவரை நீக்கியது. 'துரோகி' என்ற கூச்சல் வளாகத்தில் கேட்டது. மே மாதத்தில் அவர் பணிவிலகல் கடிதம் கொடுத்தார். பல்கலைக்கழகம் அதை ஏற்க மறுத்துத் தமக்குத் துணைநிற்கும் என நம்பினார். அக்கடிதம் ஏற்கப்பட்டது. 2015 சனவரியில், வீட்டின் முன் நிறுத்தியிருந்த அவருடைய கார் தீக்கிரையாக்கப்பட்டது. ஆயினும் தாம் செய்ததற்காக வருந்தவில்லை என்றே அவர் பின்னரும் கூறிவந்தார்.

எதிர்த்தவர்கள் சொன்னது என்ன?

அவரை எதிர்த்தவர்களைக் கல்நெஞ்சர் என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது, நீதியன்று. அவர்கள் தரப்பையும் நாம் செவிமடுக்க வேண்டும்.

1948-இல் இஸ்ரயேல் நாடு உருவானபோது ஏழு லட்சத்திற்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் தம் ஊர்களை இழந்தனர். அதனை அவர்கள் 'நக்பா', அதாவது பேரழிவு, என்பர். இழந்த வீட்டின் சாவியைப் பேரப்பிள்ளைகள் வரை காத்துவைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 1967 முதல் மேற்குக் கரை இஸ்ரயேல் இராணுவத்தின் ஆதிக்கத்தில் உள்ளது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லச் சோதனைச் சாவடியில் காத்து நிற்கும் இளைஞனிடம், "உன்னை நிறுத்திவைத்திருப்பவனின் பாட்டன் பட்ட பாட்டைப் போய்ப் பார்" என்று சொன்னால், அவன் நெஞ்சு கொதிக்காதா? பேச்சுவார்த்தை என்ற பெயரில் அநீதியை இயல்பான நிலையாக ஏற்கச் செய்கிறார்கள் என்பதே அவர்களுடைய குற்றச்சாட்டு. மறுபுறம் யூதர்களிலும் பலர் கலங்கினர். ஓர் இனத்தையே துடைத்தழிக்கத் திட்டமிட்டு நடத்திய படுகொலையையும் ஓர் அகதி முகாமையும் ஒரே தட்டில் வைப்பது எவ்வாறு பொருந்தும் என்று அவர்கள் வினவினர்.

இத்தகைய சர்ச்சை அந்நாட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எர்வைன் நகரப் பல்கலைக்கழக மாணவர்கள், யூதரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவருமாக ஒன்றுசேர்ந்து, 2007-இல் 'ஒலிவமர முயற்சி' என்னும் அமைப்பைத் தொடங்கினர். மறு ஆண்டே இரு தரப்பினரையும் நேரில் கேட்கப் பயணம் சென்றனர். 2009-ஆம் ஆண்டுப் பயணத்தில் ஹமாஸ் சார்புடைய ஓர் அரசியல் தலைவரையும் சந்தித்தது தெரியவந்ததும், உள்ளூர் யூத அமைப்பு ஒன்று கடுமையாகக் கண்டித்தது. அங்கே பாலஸ்தீனர் சொன்ன அதே கேள்வியை இங்கே யூதர் கேட்டனர்: அவர்களிடம் போய் நீங்கள் எதைக் கேட்பீர்கள்?

திருத்தந்தை சென்ற இரு இடங்கள்

இக்கேள்விக்கு நம் திருச்சபை ஏட்டளவில் மட்டுமன்றிக் கால்நடையாகவும் ஒரு விடை தந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெத்லகேமில் திருப்பலி நிறைவேற்றியபின் தெய்ஷே முகாமிற்குச் சென்று, அந்த அகதிகளின் நடுவே நின்றார். மறுநாள் யெருசலேமில் யூத இனப்படுகொலையின் நினைவிடமாகிய யாத் வாஷேமிற்குச் சென்றார். ஆஷ்விட்ஸிற்குச் சற்றுத் தொலைவிலுள்ள வாடோவிச்சே அவர் பிறந்த ஊர். அவ்வூரைச் சேர்ந்த யூதர்கள், சாவிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள், அங்கே அவரைச் சந்தித்தனர். ஓரிடத்திற்குச் சென்றதால் மற்றதை அவர் மறுத்ததாகவோ, இரண்டையும் தராசில் நிறுத்ததாகவோ எவரும் கூறமுடியாது. காயம் உள்ள இடத்திற்கு மேய்ப்பன் போகிறான், அவ்வளவே.

பதினான்கு ஆண்டுகள் கழித்து அந்த மாணவர்கள் காண விரும்பிய துயரமும் இவ்விரண்டே அல்லவா?

ஆனால் காண்பது மட்டும் போதுமா? இதற்குத் தோமினிக்கன் துறவி தந்தை புரூனோ ஹுசார் தொடங்கிய ஊர் ஒரு பாடம் தருகிறது. எகிப்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரான அவர், லாத்ரூன் துறவு மடத்திடமிருந்து 1970-இல் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில், யூதரும் பாலஸ்தீனரும் சேர்ந்து வாழும் 'அமைதிச் சோலை' என்னும் ஊரை உருவாக்கினார். அங்கே 1979-இல் 'அமைதிப் பள்ளி' தொடங்கப்பட்டது. இரு இன இளைஞரும் சேர்ந்து பாடி, உண்டு, நட்பானால் போதும் என்பதே தொடக்கத்து நம்பிக்கை. ஆண்டுகள் செல்லச் செல்ல, அது போதாது என்று அங்குள்ள ஆசிரியர்கள் கண்டனர். விருந்து முடிந்து ஒருவன் சுதந்திரமாக வீடு செல்கிறான். மற்றவன் சாவடிக்குத் திரும்புகிறான். எனவே நிலம், அதிகாரம், உரிமை ஆகிய கசப்பான பொருள்களையே நேருக்கு நேர் பேசவைக்கும் முறைக்கு அவர்கள் மாறினர். எதிர்த்தவர்களின் குற்றச்சாட்டில் இருந்த உண்மையை அவர்கள் புறந்தள்ளவில்லை. அதைக்கொண்டே தம் பணியை ஆழப்படுத்தினர்.

ஆகவே என் உள்ளத்தில் உறுதிப்படுவது இது. பிறர் துன்பத்தைக் காண்பது நீதிக்கு மாற்றாகாது. அதே வேளையில், பிறர் துன்பத்தைக் காண மறுக்கும் நீதி, பழிவாங்கலாக மாறிவிடும். ஆஷ்விட்ஸைக் கண்ட பாலஸ்தீன மாணவன் தன் தாத்தாவின் சாவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தெய்ஷேயின் துயரைக் கேட்ட யூத மாணவி தன் பாட்டியின் கல்லறையை மறக்க வேண்டியதில்லை.

இரு மனிதரின் தழுவல்

2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரயேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணையாளிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர், அவர்களுள் எண்ணற்ற குழந்தைகள், மடிந்தனர். நம் சகோதரர் வழிபடும் காசாவின் திருக்குடும்ப ஆலயமும் 2025 சூலை 17-இல் தாக்கப்பட்டு மூவர் இறந்தனர். இத்தனைக்கும் பின் உரையாடலைப் பற்றிப் பேசுவது கேலிக்குரியதன்றோ எனச் சிலர் கேட்கலாம்.

2024 மே 18-ஆம் நாள் இத்தாலியின் வெரோனா நகரில் இருவர் திருத்தந்தை பிரான்சிசின் முன் வந்து நின்றனர். ஒருவர் மாவோஸ் இனோன், அக்டோபர் 7-இல் தம் பெற்றோரை இழந்த இஸ்ரயேலர். மற்றவர் அசீஸ் சாரா, இஸ்ரயேல் சிறையில் அடைந்த காயங்களால் தம் அண்ணனை இழந்த பாலஸ்தீனர். பல்லாயிரம் பேர் எழுந்து நிற்க, இருவரும் தழுவிக்கொண்டனர். முதியவரான திருத்தந்தை இருவரையும் தழுவிக்கொண்டார். அத்தழுவல் போரை நிறுத்தவில்லை. ஆனால் இழப்பு மனிதனை வெறுப்பிற்கு மட்டுமே கொண்டுசெல்லும் என்ற பொய்யை அது உடைத்தது.

நம் வீட்டு வாசலில்

அன்பார்ந்த குடும்பத்தாரே, நம் மறைமாவட்டங்களிலிருந்து புனித நாட்டிற்குத் திருப்பயணம் செல்வோர் பலர். பெத்லகேமில் விண்மீன் பதித்த இடத்தை முத்தமிட்டுத் திரும்பும் நாம், சில கிலோமீட்டர் தொலைவிலேயே தெய்ஷே இருப்பதை அறிவதில்லை. இனிச் செல்வோர் அதன் பெயரையாவது சொல்லிச் செபியுங்கள். யாத் வாஷேம் வழியே செல்ல நேர்ந்தால், அங்கும் தலைவணங்குங்கள்.

செல்ல இயலாதவர்க்கும் ஒரு பயணம் உண்டு. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன உடன்பிறந்தாரின் வீடு எத்தனை தொலைவு? அவ்வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தபோது, "நான் போனால் நம் பக்க நியாயம் என்னாவது?" என்று தயங்கியவர் நம்மில் இல்லையா? போங்கள். உங்கள் நியாயம் எங்கும் ஓடிவிடாது. அவர்கள் கண்ணீரைக் கண்டபின் அதைப் பேசும்போது, உங்கள் குரல்தான் வேறாயிருக்கும். திரும்பி வருகையில் உங்கள் வீட்டாரே உங்களைச் 'சமாரியன்' என்று ஏசினால் கலங்காதீர்கள். அப்பெயரை உங்களுக்கு முன் ஒருவர் ஏற்றிருக்கிறார்.