சின்ன வீட்டுக்கு ஒரு சப்வூஃபர்

“அண்ணாச்சி, எத்தனை வாட்ஸ்ல வாங்கலாம்?”

சப்வூஃபர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். கல்லிடைக்குறிச்சியில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பழுது பார்க்கிறேன். கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக்செட் கட்டுகிறேன். கேட்பவர்களில் பலர் மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவர்கள். நானும் அந்த மலையில் லயன் வீட்டில் பிறந்தவன் என்பதால் உரிமையோடு வருகிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு: “ரூம் எத்தனைக்கு எத்தனை? பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கா?”

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பாம்பே பர்மா கம்பெனி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த காடு எங்கள் மாஞ்சோலை மலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என எங்கு பார்த்தாலும் தேயிலை. தொழிலாளர்களுக்கு வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிய லயன் வீடுகள். 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) கொடுத்தபிறகு குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. இங்கே அம்பையிலும் கல்லிடையிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் அவர்கள் பிடித்திருக்கும் வாடகை வீடுகளிலும் முன்னறை பெரும்பாலும் பத்துக்குப் பத்துதான். தலைமுறை தலைமுறையாக உழைத்ததற்குக் கையில் வந்த பணத்தில் ஒரு சிறு பங்கைப் பாட்டுக் கேட்க ஒதுக்குகிறார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றில் ஒன்றை விடவேண்டும்

சப்வூஃபரிடம் நாம் மூன்றை எதிர்பார்க்கிறோம். பெட்டி சின்னதாக இருக்கவேண்டும், ஒலி ஆழமாக இறங்கவேண்டும், சத்தமும் பெரிதாக வேண்டும். மூன்றும் ஒன்றாக அமையாது என்று விதி சொன்னவர் அமெரிக்கரான ஜோசஃப் அன்டன் ஹாஃப்மன். கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் கம்பெனிப் பெயரின் கடைசி எழுத்து அவருடையது. ஒரு பெட்டி 60 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கரண்டில், அதே சத்தத்தோடு 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கவேண்டுமானால் பெட்டியின் கொள்ளளவு மூன்று மடங்குக்கும் மேலாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் பிறகு வகுத்த கணக்கும் இதையே உறுதிசெய்தது. விலை உயர்ந்த சப்வூஃபர்கள் பெரிய ஆம்ப்ளிஃபயரையும் கனமான காயிலையும் வைத்து ஓரளவு ஈடுகட்டுகின்றன. நம் பட்ஜெட்டில் அதற்கு இடமில்லை. எதை விடுவது என்பதை வாங்குகிறவர்தான் முடிவு செய்யவேண்டும்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான்: சத்தத்தை விடுங்கள்.

பத்தடி அறையில், ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து கேட்பவருக்கு மண்டபம் நிறையும் சத்தம் எதற்கு? அதோடு, 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 28 அடி நீளம். ஒட்டிய சுவர் அதைப் பெரிதாகத் தடுக்காது. பாடகர் குரல் பக்கத்து வீட்டுக்குப் போகாவிட்டாலும் ‘கும் கும்’ மட்டும் போய்விடும். லயனில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

குடத்தின் சுருதி

வில்லுப்பாட்டில் குடம் அடிப்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர் கிடையாது. குடத்தின் வாயில் தட்டியதும் கழுத்திலுள்ள காற்று, உள்ளே அடைபட்ட காற்றின்மேல் அமுங்கி எழும்புகிறது. அந்த முழக்கம் அப்படிப் பிறக்கிறது. ஓட்டை வைத்த சப்வூஃபர் பெட்டிக்கும் இதே விதிதான். பெட்டியின் கொள்ளளவு, போர்ட் குழாயின் நீளம், அகலம் மூன்றும் சேர்ந்து ஒரு சுருதியை முடிவு செய்கின்றன. அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் கோன் கொஞ்சம் அசைந்தாலே போதும், மீதி வேலையைக் காற்று செய்துவிடும். அதனால்தான் மலிவான சப்வூஃபர்களில் பெரும்பாலும் ஓட்டை இருக்கிறது.

சின்னப் பெட்டி என்றால் சுருதியை 60, 70 ஹெர்ட்ஸில் வைத்துவிடுவார்கள். கடையில் கேட்கும்போது நெஞ்சில் இடிக்கும், பிடித்துவிடும். வீட்டுக்கு வந்தபிறகுதான் எந்தப் பாட்டு போட்டாலும் அதே ஒரு ‘கும்’ என்பது தெரியும். குடத்துக்கு ஒரு சுருதி போதும். சப்வூஃபர் பேஸ் கிடாரின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகக் காட்டவேண்டும்.

ஓட்டையே இல்லாத மூடிய பெட்டி இன்னொரு வகை. 1954-இல் எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த ஏ.ஆர்.-1 ஸ்பீக்கர் இதற்கு முன்னோடி. இதில் கீழ்ஒலி சட்டென்று அறுந்துபோகாமல் படிப்படியாகக் குறையும். சிறிய அறை தன் பங்குக்கு அடி ஒலியைத் தூக்கிக் கொடுப்பதால் இரண்டும் நன்றாகப் பொருந்தும். உங்கள் விலைக்குள் மூடிய பெட்டி கிடைத்தால் அதை முதலில் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு ஆழம் போதும்?

நாலு தந்தி பேஸ் கிடாரில் மிகக் கீழேயுள்ள ஸ்வரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் சசிதரன் வாசித்த பேஸ் கிடாரைத் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பவருக்கு 40 வரை நேர்மையாக இறங்கும் பெட்டி போதும். தவிலின் தொப்பி, உருமியின் உறுமல் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். 20 ஹெர்ட்ஸ் வரை போவது படத்தில் வரும் குண்டுவெடிப்புக்கும் இடிக்கும்தான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அட்டையில் ‘20 முதல் 200 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி வாங்கவேண்டாம். கூடவே ‘3 டெசிபல் ஏற்றத்தாழ்வுக்குள்’ என்றும் போட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கடையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, சத்தத்தை மாற்றாமல் 100, 80, 60, 50, 40 என்று இறங்குங்கள். எந்த எண்ணில் ஒலி தேய்ந்து போகிறதோ அதுதான் பெட்டியின் உண்மையான அடி. 40 வைக்கும்போது கனத்த அதிர்வுக்குப் பதிலாக மேல்சுருதியில் ரீங்காரமோ, போர்ட்டில் ‘புஸ்’ என்ற காற்றோ வந்தால் பெட்டி திணறுகிறது என்று பொருள்.

வாட்ஸ் கணக்கு

பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதைப் பார்க்கவே வேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பின்பக்கத் தகட்டில் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்றும் இருக்கும். 60 வாட்ஸ் எடுக்கும் பெட்டி தொடர்ந்து 100 வாட்ஸ் தரமுடியாது. 50 வாட்ஸ் 100 வாட்ஸ் ஆனாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்காகத் தோன்றவே ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். நம் அறைக்கு 8 அல்லது 10 இன்ச் ஸ்பீக்கரும் 50 ஆர்.எம்.எஸ். வாட்ஸும் தாராளம்.

அசெம்பிள் செட் வாங்குபவர்களுக்கும் இதே கணக்குதான். நம் ஊர்களில் புகழ்பெற்ற 4440 ஐசி, பிரிட்ஜ் முறையில் போட்டாலும் 19 வாட்ஸ்தான் தரும். 200 வாட்ஸ் என்று சொல்லி விற்றாலும் ஐசி மாறிவிடாது. ஆனால் அந்த 19 வாட்ஸையே நல்ல டிரான்ஸ்ஃபார்மரோடு, ஸ்பீக்கருக்கு ஏற்ற அளவில் கெட்டியாக அடித்த பெரிய பெட்டியில் கொடுத்தால், இரவில் பாட்டுக் கேட்க அருமையாக இருக்கும். போர்டில் மிச்சம் பிடிக்கலாம், பெட்டியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

2.1 செட்டா, தனியாகவா?

2.1 செட்டில் சப்வூஃபரோடு வரும் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலிக்காது. அந்த இடத்தையும் சப்வூஃபர்தான் நிரப்பவேண்டும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. அதனால் பாடகரின் பாதிக் குரல் மேஜைக்கு அடியிலிருந்து வரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் சப்வூஃபர் ஒலித்தால் அது எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியாது. பணம் குறைவு என்றால் முதலில் 5 இன்ச் வூஃபர் உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்குங்கள். தனி சப்வூஃபரை அடுத்த வருஷம் சேர்க்கலாம். பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள், ஸ்பீக்கர் வயரை நேராகச் செருகும் வசதி சப்வூஃபரில் உண்டா என்று பார்த்து வாங்கவேண்டும்.

மலையடிவார ஈரத்தையும் மறக்கக் கூடாது. கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் நம் ஈரத்தில் சில வருஷங்களில் பொடிந்துவிடும். ரப்பர் வளையம் நெடுநாள் வரும். எம்.டி.எஃப். பலகையில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். தரையில் நேராக வைக்காமல், ரப்பர் கால் வைத்து ஒரு சிமெண்ட் கல்லின்மேல் ஏற்றுங்கள். கீழ்வீட்டுக்கும் அதிர்வு குறையும்.

எங்கே வைப்பது?

எதிரெதிர்ச் சுவர்கள் பத்தடி தள்ளியிருந்தால் 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி சுவரோரம் குவியும், அறையின் நடுவில் மறைந்துபோகும். நடுவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ‘பேஸே இல்லை’ என்று செட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து ஒரு பேஸ் கிடார் பாட்டை ஓடவிடுங்கள். சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தில் சப்வூஃபரை வைத்துவிட்டு, உங்கள் நாற்காலிக்குப் போங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், கூடவே ஒரே ‘கும்’ தொல்லையும் கூடும்.

கடைசியாக, வால்யூம். அதற்கு முன், எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்கவேண்டும் என்று முடிவு செய்யும் கிராஸ்ஓவரை 80-இல் வையுங்கள். ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 இரண்டிலும் போட்டு, எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். பிறகு சப்வூஃபர் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு, பேஸ் கிடார் குரலுக்குக் கீழே வந்து நிற்கும்வரை மெல்ல ஏற்றுங்கள். புதுசு என்பதால் முதல் நாள் எல்லாரும் கொஞ்சம் தூக்கலாகத்தான் வைப்பார்கள். ஒரு வாரம் பல பாட்டுகளைக் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குறையுங்கள். பல வீடுகளில் அந்த இரண்டாவது அளவுதான் நிலைத்திருக்கிறது.