பக்கத்து ஆம்புலன்சுக்கு பட்டணத்தில் ஏன் கியூ?

கீழ்பென்னாத்தூரில் நள்ளிரவு. ஒரு வீட்டில் பெரியவருக்கு திடீர் நெஞ்சு வலி என்று வைத்துக் கொள்வோம். மகன் பதறிப்போய் செல்போனில் 108-ஐ அழுத்துகிறார். மறுமுனையில் பேசுபவர் இருப்பதோ சென்னையில்!

"வண்டி நம்ம பக்கத்துலதானே நிக்குது? அதைக் கூப்பிட மெட்ராசுக்கா போன் போடணும்?"

யாருக்கும் வரும் ஆத்திரம்தான். நியாயமான கேள்வியும்கூட.

ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

டிரங்கால் காலம்

வெளியூருக்குப் பேச டிரங்கால் 'புக்' செய்துவிட்டு, போன் பக்கத்திலேயே காத்துக் கிடந்த காலம் ஒன்று உண்டு. ஆபரேட்டர் ஒவ்வொரு அழைப்பையும் சீட்டில் எழுதி வைப்பார். வழியில் உள்ள எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைத்தால்தான் அடுத்த ஊர். அவசரம் என்றால் 'அர்ஜெண்ட்'. தலைபோகிற அவசரம் என்றால் 'லைட்னிங்'. காசு கூடக் கொடுத்தவர் கியூவில் முன்னே போனார்!

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கியது. இதில் கட்டணமே கிடையாது.

அந்தக்கால சீட்டு வேலையை இப்போது கம்ப்யூட்டர் பார்க்கிறது. அழைப்புகள் வந்து குவியும் பெரிய மையங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் போதாது. பல 'சர்வர்'களை ஒன்றோடு ஒன்று இணைத்து விடுவார்கள். அழைப்பு எதில் வந்து விழுந்தாலும் சரி, கியூ ஒன்றுதான். எந்த மேஜை காலியோ அங்கே மணி அடிக்கும்.

4 நிமிஷமா? 2 நிமிஷமா?

இதற்கு கணக்குப் போட்டுக் கொடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1909-லேயே டெலிபோன் நெரிசல் பற்றி எழுதிவிட்டார்.

இரண்டு ஊரில் ஆளுக்கொரு ஊழியர், தனித்தனி கியூ. ஒரு அழைப்புக்கு சராசரி 1 நிமிஷம். ஊழியருக்கு 80 சதவீத நேரம் வேலை இருக்கிறது. கூப்பிடுபவர் சராசரியாக 4 நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

அதே இரண்டு பேர், அதே அழைப்புகள். கியூவை மட்டும் ஒன்றாக்கினால்? 1 நிமிஷம் 47 விநாடி! ஒரு ஊரில் ஊழியர் சும்மா இருக்க, இன்னொரு ஊரில் ஜனம் காத்து நிற்கும் கூத்து இல்லை. அவ்வளவுதான் ரகசியம்.

நெஞ்சு வலிக்காரருக்கு அந்த 2 நிமிஷம் பெரிது.

சர்வர்களை இணைப்பதிலும் தலைவலி உண்டு. யார் பேசுகிறார், யார் காலி என்று ஒன்று மற்றொன்றுக்கு நொடிக்கு நொடி சொல்ல வேண்டும். தவறினால் பேசிக்கொண்டிருப்பவருக்கே இன்னொரு சர்வரும் மணி அடிக்கும்! ஒரு சர்வர் படுத்துவிட்டால் புதிய அழைப்புகளை மற்றவை ஏற்கும். அதில் ஏற்கனவே காத்திருந்தவர் பாடு? மீண்டும் முதலில் இருந்து.

காத்திருப்பவர் பொறுமை இழந்து கட் பண்ணிவிட்டு திரும்ப அடித்தாலும் இதே கதிதான். கியூவில் கடைசி ஆளாகி விடுவார்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கீழ்பென்னாத்தூர் இருப்பது திருவண்ணாமலை - செஞ்சி ரோட்டில். செஞ்சி விழுப்புரம் மாவட்டம். மாவட்டத்துக்கு ஒரு கியூ என்று பிரித்துவிட்டால், எல்லைக்கு அந்தப் பக்கம் சும்மா நிற்கும் வண்டி இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ஒரே இடத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் தெரியும்.

ஒரு சங்கடம் மட்டும் பாக்கி. உள்ளூர் ஆள் என்றால் "ஏரிக்கரை வேப்பமரத்தாண்ட" என்றதும் புரிந்துகொள்வார். சென்னையில் போனை எடுப்பவருக்கு எந்த ஏரி, எந்த மரம்? அதனால்தான் மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்தில் கோவிலா பள்ளிக்கூடமா என்று வரிசையாகக் கேட்கிறார்கள்.

அவசரத்தில் வெறும் "பென்னாத்தூர்" என்று சொல்லிவிடக் கூடாது. வேலூர் மாவட்டத்திலும் ஒரு பென்னாத்தூர் இருக்கிறது!