மீன் தொட்டியில் ஒரு மூன்று நாள் கணக்கு

கோட்டைப்பட்டினம் கடற்கரையிலிருந்து எட்டு ஓரா மீன் குஞ்சுகளை எங்கள் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக ஒருமுறை வாங்கி வந்தோம். கடல்நீரையும் பிளாஸ்டிக் டிரம்களில் நிரப்பிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தோம். கண்ணாடித் தொட்டியில் ஏற்கெனவே நான்கு மீன்கள் பல மாதங்களாக நலமுடன் இருந்தன. புது மீன்களையும் அவற்றுடனேயே விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் மீன்களின் துடுப்புகளில் உப்புத் தூளைத் தூவியது போல் வெண்புள்ளிகள் தோன்றின. இரண்டு நாளில் அவை மறைந்தன. "சார், குணமாகிவிட்டது!" என்று மாணவர்கள் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன். ஒரு வாரம் கழித்துப் புள்ளிகள் மீண்டும் தோன்றின, இம்முறை உடலெங்கும்! மீன்கள் மூச்சுத் திணறின. கண்காட்சி தொடங்கிய நாளன்று தொட்டியில் ஒரு மீன்கூட உயிருடன் இல்லை. பழைய நான்கும் மாண்டுவிட்டன. தவறு என்னுடையதே.

புள்ளிகள் ஏன் மறைந்தன? மறைந்தவை பன்மடங்காகப் பெருகி வந்தது எப்படி?

குற்றவாளி யார்?

விலங்கியல் துறை நண்பர் ஒருவர் நுண்ணோக்கியில் குற்றவாளியைக் காட்டினார். உடலெங்கும் குறு இழைகள் கொண்ட ஒரு செல் உயிரி அது. பெயர் கிரிப்டோகாரியான் இர்ரிட்டன்ஸ். ஜப்பானில் சிக்காமா என்பவர் 1937-இல் இந்நோயை விவரித்தார். 1951-இல் பிரவுன் என்பவர் இவ்வுயிரிக்கு இப்பெயரை இட்டார்.

இதன் வாழ்க்கை நான்கு கட்டங்கள் கொண்டது. முதற்கட்டத்தில் இது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து உண்டு கொழுக்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுதான். 3 முதல் 7 நாட்களில் இது மீனை விட்டுத் தானாகவே விழுந்துவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டுகிறது. மூன்றாம் கட்டத்தில் கூட்டுக்குள் பல முறை பிளவுபட்டுச் சில நூறு குஞ்சுகளாகிறது. நான்காம் கட்டத்தில் அக்குஞ்சுகள் கூட்டை உடைத்து நீந்தி மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் அவை இறந்துவிடும்.

ஆக, புள்ளி மறைந்தது நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. பகைவன் படை திரட்டப் போயிருக்கிறான் என்பதற்கே அது அடையாளம்!

கடலில் இல்லாத ஆபத்து தொட்டியில் ஏன்?

இவ்வொட்டுண்ணி கடல் மீன்களிடமும் உண்டு. ஆனால் அங்கே அது பெரும்பாலும் கொள்ளைநோயாவதில்லை. காரணம் கனஅளவுதான். ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வெளிவருவதாகக் கொள்வோம். பரந்த பாக் நீரிணையில் அவற்றில் ஒன்று மீனைக் கண்டுபிடிப்பதே அரிது. 200 லிட்டர் தொட்டியில் பத்தில் ஒன்று வெற்றி பெற்றாலும் 20 ஒட்டுண்ணிகள் மீன்மேல் ஏறிவிடும். அடுத்த சுற்றில் அவை 400, அதற்கடுத்து 8,000! நாம் மீனை மட்டும் கொண்டுவரவில்லை. அதன் பகைவனுக்குச் சிறிய கடல் ஒன்றையும் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

மண்டபம் கற்பித்த பாடம்

புதிதாக வருபவரைச் சில நாள் தனியே நிறுத்திவைத்துப் பார்க்கும் முறைக்குக் குவாரன்டைன் என்று பெயர். நாற்பது என்னும் பொருள் தரும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது இது. கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் துறைமுகத்தில் கப்பல்களை 40 நாள் நிறுத்திவைத்தனர்.

நமக்கு அருகிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைக் காலரா, அம்மை முதலிய நோய்களுக்காகச் சில நாள் தடுத்துவைத்துப் பார்த்த முகாம் மண்டபத்தில் இருந்தது. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து சென்றவர்களும் அங்கே காத்திருந்தவர்களே. 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் அதே மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குச் சென்றாலும், மண்டபத்தில் ஆய்வு மையம் தொடர்கிறது. இந்தியாவில் முதன்முதலாகக் கடல் விரால் மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்தது 2010-இல் இம்மையமே. கடலில் பிடித்த தாய்மீனைத் தனித் தொட்டியில் வைத்து, ஒட்டுண்ணி நீக்கும் குளியல் தந்த பிறகே மற்றவற்றுடன் சேர்ப்பது இத்தகைய பணியின் முதற்படி. மனிதர் காத்திருந்த ஊரில் மீன்களும் காத்திருக்கின்றன!

இரண்டு தொட்டிகள் போதும்

வெண்புள்ளி நோய்க்கு மருந்தே இல்லாத ஒரு வழி உண்டு. இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் கொலோர்னி 1980-களில் இதை விளக்கினார். மீனிலிருந்து விழுந்த ஒட்டுண்ணி கூடு கட்டிக் குஞ்சுகளை வெளிவிடக் குறைந்தது 3 நாள் ஆகும். அதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால்?

முதல் நாள் மீன் முதல் தொட்டியில். 4-ஆம் நாள் இரண்டாவதற்கு மாற்ற வேண்டும். முதல் தொட்டியின் நீரைக் கொட்டி, கழுவி, வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். உலர்ந்தால் கூடுகள் மடியும். புதுக்கோட்டை வெயிலுக்கா பஞ்சம்? 7-ஆம் நாளும் 10-ஆம் நாளும் இப்படியே மாற்றி, 13-ஆம் நாள் சுத்தமான மூன்றாவது தொட்டிக்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு மாற்றமும் 72 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். வலையும் காற்றுக்குழாயும்கூட அந்தந்தத் தொட்டிக்குத் தனித்தனி. புது நீரின் வெப்பநிலையும் உப்புச் செறிவும் பழைய நீரை ஒத்திருக்க வேண்டும். வெப்பமானியும் நீர்மானியும் இங்கே உதவும்.

நன்னீர்க் குளியல்

செவுளிலும் தோலிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களுக்கு இம்முறை மட்டும் போதாது. காற்றூட்டிய, ஒரே வெப்பநிலையுள்ள நன்னீரில் மீனைச் சுமார் 5 நிமிடம் விட்டால் புழுக்கள் வெளுத்து உதிரும். இது சவ்வூடு பரவலின் வேலை. கடல்நீருக்கும் நன்னீருக்கும் இடையே இவ்வழுத்த வேறுபாடு சுமார் 25 வளிமண்டலங்கள். 10 சென்டிமீட்டர் மீனை விட 2 மில்லிமீட்டர் புழுவுக்குக் கனஅளவை நோக்கப் பரப்பு ஏறத்தாழ 50 மடங்கு மிகுதி. ஆகவே அதற்குள் நீர் விரைந்து புகுகிறது. மீனுக்கோ செதிலும் கோழையும் காவல். மீன் துவண்டால் உடனே கடல்நீருக்கு மாற்றிவிட வேண்டும். புழுவின் முட்டைகள் இதில் சாவதில்லை. எனவே ஒரு வாரம் கழித்து மீண்டும் குளியல் தேவை.

மயில்துத்தமும் பயன்படுவதுண்டு. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவு தாமிரம் நீந்தும் குஞ்சுகளைக் கொல்லும். கூட்டுக்குள் இருப்பதைக் கொல்லாது. சற்றே மிகுந்தால் மீனுக்கும் நஞ்சு; இறால், நண்டு, நத்தைகளுக்கு எமன். தாமிர அளவைச் சோதிக்கும் கருவியும் அனுபவமுள்ள ஆசிரியரும் இன்றி இதைத் தொடவே கூடாது.

நோய் புகுந்த பழைய தொட்டியை என்ன செய்வது? சில கூடுகள் 72 நாள் வரைகூடத் தாமதித்துத் திறந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. எனவே மீனே இல்லாமல் அதை 11 வாரம் விட்டுவைப்பது நலம்.

அடுத்த ஆண்டு ஆறு ஓரா மீன்கள் வந்தன. ஆய்வகத் தாழ்வாரத்தில் இரண்டு நீலத் தொட்டிகள் வைத்தோம். மாணவர்கள் முறைபோட்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியில் மூன்று நாளுக்கொரு வட்டமிட்டனர். நன்னீர்க் குளியலும் இரு வாரக் கண்காணிப்பும் முடிந்த பின்னரே மீன்கள் கண்ணாடித் தொட்டிக்குச் சென்றன. ஆறும் பிழைத்தன. அந்த நாட்காட்டித் தாளையும் கண்காட்சியில் தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வைத்தோம்.