ஒருங்குறியில் தமிழ் எழுத்தும் குறியெண்ணும்: இலக்கியத் தரவாய்வு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒருங்குறி உலக எழுத்துமுறைகளை ஒரே எண் வரிசையில் அமைத்துள்ளது. அதில் தமிழுக்கு அமைந்த குறியீட்டு அலகும் தமிழ் இலக்கணம் கூறும் எழுத்தும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு எழுத்தெண்ணிக்கை, சொல் தேடல், அகரவரிசை ஆகியவற்றில் ஏற்படுத்தும் பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, குறியெண், உயிர்மெய், இயல்பாக்கம், அகரவரிசை.

முன்னுரை

சங்க இலக்கியம் முதல் இக்கால இலக்கியம் வரை தமிழ் நூல்கள் பல இன்று மின்னுரைகளாகக் கிடைக்கின்றன. சொல்லடைவு தொகுத்தல், எழுத்துப் பயன்பாட்டைக் கணக்கிடுதல், யாப்பைப் பகுத்தல் ஆகிய பணிகளுக்கு ஆய்வாளர்கள் கணினியை நாடுகின்றனர். கணினி தரும் எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டும் முன், அது எதனை எண்ணுகிறது என்பதை அறிவது இன்றியமையாதது.

குறியாக்கத்தின் வளர்ச்சி

கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. 1963இல் வெளிவந்த ஆஸ்கி தரம் 7 பிட்டுகளைக் கொண்டு 128 குறிகளுக்கு இடமளித்தது. ஆங்கிலத்திற்கு அது போதுமானதாக இருந்தது. பிற மொழியினர் தத்தமக்குரிய குறியாக்கங்களை வகுத்துக்கொண்டனர். தமிழிலும் திஸ்கி, டாம், டாப் எனப் பல குறியாக்கங்கள் வழங்கின. ஒரே எண் ஒவ்வொரு குறியாக்கத்திலும் வெவ்வேறு எழுத்தைக் குறித்தமையால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் உரை சிதைந்து தோன்றியது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதன் இன்றைய எண்வெளியில் 11,14,112 இடங்கள் உள்ளன. அங்குக் குறிக்கு வழங்கப்படும் எண்ணே குறியெண் எனப்படுகிறது. அவ்வெண்ணைச் சேமிக்கும் முறை வேறு. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து 1 பைட்டையும் தமிழ்க் குறி 3 பைட்டுகளையும் கொள்கின்றன.

இலக்கணமும் குறியாக்கமும்

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைத் தழுவியது. இந்திய எழுத்துமுறைகள் தேவநாகரிக்கு இணையாக அதில் வரிசைப்படுத்தப்பட்டன. ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே 3 இடங்கள் வெற்றாக இருப்பது இதன் விளைவாகும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழ் இலக்கண மரபு. ஒருங்குறியிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை அலகு. ‘க’ (2965) என்பதுடன் புள்ளி (3021) சேர்ந்தே ‘க்’ உருவாகிறது.

எழுத்தெண்ணிக்கை

‘தொல்காப்பியம்’ என்ற சொல்லில் எழுத்துகள் 7, குறியெண்கள் 13, யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகள் 39. நிரல்மொழிகளின் நீளம் காட்டும் கட்டளை பெரும்பாலும் பின்னிரண்டில் ஒன்றையே தரும். கட்டளைக் கலித்துறையின் அடி, ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கின் 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் பெறும். இதனைக் கணினிவழிச் சரிபார்க்க விழைவோர் உயிர்க்குறிகளை விடுத்து, உயிர்களையும் மெய்யெழுத்து வடிவங்களையும் கூட்டி, அத்தொகையிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். மேற்கண்ட சொல்லில் மெய் வடிவங்கள் 7, புள்ளிகள் 3. ஒற்று நீங்கிய எழுத்துகள் 4. க்ஷ, ஸ்ரீ போன்றவை வரும் உரைகளுக்குத் தனி விதி தேவை.

சொல் தேடல்

‘கொ’ என்பதை ககரத்துடன் ஒகரக் குறி (3018) சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி (3014), ஆகாரக் குறி (3006) ஆகிய இரண்டையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யப்படாத உரையில் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கும். ஆனால் ‘வௌவால்’ என்பதை ளகரமிட்டு ‘வெளவால்’ எனத் தட்டச்சிடும் பிழையை அது திருத்தாது. 3 எழுத்துச் சொல் அங்கு 4 எழுத்தாகிவிடும். தமிழ் எண் ‘௧’ (3047) ககரத்தின் இடத்தில் நிற்பதும் இத்தகையதே. இவற்றை மூலத்துடன் ஒப்பிட்டே களைய இயலும்.

அகரவரிசை

அகராதியில் ‘பக்கம்’ முன்னும் ‘பகல்’ பின்னும் அமையும். குறியெண் வரிசையில் இது தலைகீழாகும். முதல் ககரத்தை அடுத்து வரும் புள்ளியின் எண் 3021. லகரத்தின் எண் 2994. எனவே ‘பகல்’ முந்துகிறது. றகரம் ரகரத்தையும் னகரம் நகரத்தையும் அடுத்து நிற்பதும் தமிழ் நெடுங்கணக்குக்கு மாறானது. ஆகவே, சொல்லடைவு தொகுப்போர் குறியெண் வரிசையை விடுத்துத் தமிழுக்குரிய வரிசை விதியைப் பயன்படுத்த வேண்டும்.

மாற்றுக் குறியாக்கம்

எழுத்துக்கு ஒரு குறியெண் வழங்கும் டேஸ்-16 குறியாக்கத்தை ஒருங்குறியுடன் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. எழுத்துப் பகுப்பாய்வுக்கு அது எளிது. எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால், அதனை அறிந்த மென்பொருளிலன்றிப் பிறவற்றில் பயன்படாது.

முடிவுரை

குறியெண் தரவுப் பரிமாற்றத்திற்கான அலகு; எழுத்து மொழியாய்வுக்கான அலகு. முன்னதை எண்ணிப் பின்னதைப் பற்றி முடிவு கூறுதல் பொருந்தாது. மின்னுரையை அடிப்படையாகக் கொள்ளும் ஆய்வேடுகள் உரையின் மூலம், மேற்கொண்ட இயல்பாக்கம், எழுத்தை எண்ணிய விதி, வரிசைப்படுத்திய முறை ஆகிய நான்கையும் ஆய்வுமுறையியல் பகுதியில் குறிப்பிடுதல் வேண்டும். அப்போதுதான் அவற்றின் எண்ணிக்கைகளைப் பிறர் சரிபார்க்க இயலும்.