கோல்ப் ‘வெட்ஜ்’ மட்டைக்கு எஃகா, கிராபைட்டா?

ஏலூர்: ஏலூர் ஆலைகளின் புகைபோக்கிகளைத் தாண்டி வடகிழக்கே போனால் நெடும்பாசேரி விமான நிலையம். அதைச் சார்ந்து ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. அங்குள்ள குளங்களில் 2021ஆம் ஆண்டு சூரிய மின்தகடுகளை மிதக்க விட்டார்கள். பந்து அங்கே விழுந்தால் விழுந்ததுதான்!

இத்தகைய குளத்தைத் தாண்டிப் பந்தை மெதுவாக இறக்கவும், மணற்குழியிலிருந்து கிளப்பவும் உதவுவது ‘வெட்ஜ்’ என்னும் குட்டை மட்டை. மணலுக்கென்று அடிப்பாகம் தடித்த வெட்ஜைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான ஜீன் சாரசன். 1932ல் அதைக் கொண்டு பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தையும் வென்றார். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1929ல்தான், எஃகுத் தண்டுக்குப் பிரிட்டனில் அனுமதி கிடைத்தது. அதுவரை ஹிக்கரி மரம்தான். கிராபைட் தண்டு 1970களில் கடைக்கு வந்தது. கிராபைட் என்றதும் பென்சிலை நினைக்க வேண்டாம். கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்துச் சுருட்டிச் செய்த குழாய் இது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்த ஆட்டத்துக்கு வருகிறவர்களை, “எல்லாம் கிராபைட்டாகவே வாங்குங்கள், லேசாக இருக்கும்” என்று சிலர் மடக்கிவிடுகிறார்கள். தூரம் அடிக்கும் நீள மட்டைக்கு அது சரி. வெட்ஜ் விஷயமே வேறு. இங்கே பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதல்ல, எங்கே விழுகிறது என்பதே கணக்கு. முக்கால்வாசி அரை வீச்சுதான். மட்டை மிக லேசானால் கை அவசரப்படும். எஃகுத் தண்டு சுமார் 130 கிராம் வரை இருக்கும். அந்தக் கனமே வீச்சை நிதானப்படுத்துகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெட்ஜுக்கு எஃகை விடாததன் காரணம் இதுதான்.

ஆனால் முழங்கை வலி உள்ளவருக்கு இந்த நியாயம் போதாது. வெட்ஜ் பந்தோடு தரையையும் சேர்த்து வெட்டுகிறது. அந்த அதிர்ச்சி எஃகு வழியே நேராகக் கைக்கு ஏறும். கிராபைட் அதைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்டவர் கிராபைட் வாங்கலாம். ஆனால் 60 கிராம் ரகத்தை விட்டு, 90, 100 கிராம் ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும். மற்ற இரும்பு மட்டைகளின் தண்டு எடையையும் பார்க்க வேண்டும். அவை 70 கிராமாக இருக்க, வெட்ஜ் மட்டும் 130 என்றால், அரிவாளை வைத்துவிட்டுக் கடப்பாரையைத் தூக்கினது போலாகும்.

கேரளத்து மழை வேறு இருக்கிறது. எஃகுத் தண்டின் மேல்பூச்சு உரிந்தாலோ, பிடி வழியே ஈரம் இறங்கினாலோ துருப்பிடிக்கும். நனைந்த மட்டைகளைப் பையிலேயே போட்டு மூடிவைக்கும் சோம்பேறிகளுக்கு இது நிச்சயம். கிராபைட்டுக்குத் துரு இல்லை. ஆனால் மற்ற மட்டைகளோடு உராய்ந்து ஆழமாகக் கீறினால் இழை அறுந்து முறியும். பழைய மட்டை வாங்குகிறவர், எஃகானால் குலுக்கிப் பார்க்கட்டும். உள்ளே துரு உதிர்ந்திருந்தால் கலகலக்கும். கிராபைட்டானால் தலை சேரும் கழுத்தில் விரிசல் தேடட்டும்.

விலை கிராபைட்டுக்குத்தான் பொதுவாக அதிகம். பணம் கொடுக்குமுன் தெரிந்தவர்களிடம் இரண்டு ரகத்தையும் இரவல் வாங்கி, மணலில் பத்து, புல்லில் பத்து என்று அடித்துப் பார்ப்பது நல்லது. மறுநாள் காலை முழங்கை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.