விரைபடகும் பெட்ரோல் பம்பும்

நெடுநாள் உழைப்பின்றி வறண்டு கிடந்த கைப்பம்பை எத்துணை அடித்தாலும் நீர் வாராது. மேலே ஒரு செம்பு நீர் வார்த்து, தோல் வாஷர் நனைந்தபின் அடித்தால் வரும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். குழாயில் நின்ற காற்றை அகற்றி அவ்விடத்தே நீரை நிரப்பும் இச்செயலை ஆங்கிலேயர் பிரைமிங் என்பர். நாம் இதனை முன்னிரப்பல் என வழங்குவோம். மணிக்கு 60, 70 மைல் வேகத்தில் நீர்மேற் பாயும் அமெரிக்க விரைபடகுகளிலும் இதே செயல் வேண்டற்பாலதாயிருக்கிறது. ஆங்கே ஏறிவர வேண்டுவது பெட்ரோல்; ஏற்றுவது மின்சாரப் பம்பு. அதனைப் படகில் எவ்விடத்தில் அமைப்பது என்பதில் பௌதிக நூல் ஒன்று கூற, அந்நாட்டுச் சட்டம் வேறொன்று கூறுகின்றது. அம்முரண்பாட்டைச் சிறிது ஆராய்வோம்.

பம்பு திரவத்தை இழுக்கிறது என்று உலகோர் சொல்லினும், உண்மையில் பம்பு தன் வாயிலுள்ள அழுத்தத்தைக் குறைப்பதன்றி வேறொன்றும் செய்வதில்லை. திரவத்தை மேலேற்றுவது புறத்தேயுள்ள வளிமண்டலமாம். உறிஞ்சு பம்பு ஓர் எல்லைக்குமேல் நீரை ஏற்றாதென்பதைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட தம் நூலில் குறித்தார். அதன் காரணத்தை அவர் மாணாக்கர் தொரிசெல்லி பின்னர்ப் பாதரசக் குழாயைக் கொண்டு விளக்கினார். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 ராத்தல். இது நீரை ஏறத்தாழ 34 அடி உயர்த்த வல்லது. பெட்ரோல் நீரினும் இலேசானதாகலின் இன்னும் உயர ஏற வேண்டுமன்றோ எனின், அதுதான் இல்லை. பெட்ரோல் எளிதில் ஆவியாவது. அமெரிக்காவில் கோடைகாலத்து விற்கும் பெட்ரோலின் ஆவியழுத்தம் 100 டிகிரி பாரன்ஹீட்டில் பொதுவாக 9 ராத்தலுக்கு மேற்படலாகாதென்பது விதி. அந்த 9 ராத்தலை 14.7-இல் கழித்தால் எஞ்சுவது 5.7 ராத்தலே. வெப்பம் மேலும் ஏறி 140 டிகிரியை எட்டுமாயின் எஞ்சுவது ஒன்றுமில்லை. பம்பு தொடுமுன்னரே பெட்ரோல் குழாயினுள் கொதிக்கும். திரவத்தைத் தள்ளப் பிறந்த பம்பு ஆவியைச் சுழற்றிக்கொண்டு வாளாவிருக்கும். இதுவே ஆவியடைப்பு என்னும் நோய்.

இந்நோய் எங்கே மிகுமென்பதற்கு அரிஸோனா, கலிபோர்னியா இரு மாகாணங்களின் எல்லையிலுள்ள ஹவாசு ஏரியைச் சொல்லலாம். கொலராடோ ஆற்றின் குறுக்கே 1938-இல் கட்டி முடிந்த பார்க்கர் அணையால் உண்டான இவ்வேரி, விரைபடகுப் பிரியர்கள் கூடும் பேரிடங்களில் ஒன்று. ஜூலை மாதத்தில் நிழலிலேயே 110 டிகிரியைக் கடப்பது அங்கே வழக்கம். ஓடும்வரை ஏரி நீர் இயந்திரத்தைக் குளிர்விக்கும். கரையொதுங்கி இயந்திரத்தை நிறுத்தினாலோ நீரோட்டமும் நிற்கும். இரும்பில் தங்கிய சூடு மூடிய அறையெங்கும் பரவும். அரைமணி கழித்துப் புறப்பட முயன்றால் பம்பின் ஓசை கேட்கும், பெட்ரோல் வாராது.

இதற்குப் பௌதிக நூல் கூறும் பரிகாரம் எளிது. பம்பைத் தொட்டியின் அருகே தாழ அமைத்து, உறிஞ்சும் தூரத்தைக் குறைத்து, தள்ளும் தூரத்தை நீட்டுக என்பதே அது. மோட்டார் வண்டிகளில் இப்போது பம்பு தொட்டிக்குள்ளேயே அமிழ்ந்து கிடப்பது இக்கருத்துப் பற்றியே.

ஆனால் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதிகளோ, உள்ளமைந்த பெட்ரோல் இயந்திரமுடைய படகுகளில் பம்பு அவ்வியந்திரத்தின்மீதோ அதிலிருந்து 12 அங்குலத்திற்குள்ளோ இருத்தல் வேண்டும் என்கின்றன. ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும் பம்பு மட்டும் விலக்கு. வெளியே தொங்கும் இயந்திரங்களுக்கு இவ்விதி இல்லை. தொட்டியின் வாய்கள் யாவும் அதன் மேற்புறத்திலேயே இருக்க வேண்டுமென்பது மற்றொரு விதி. ஆகவே பெட்ரோல் முதலில் மேலேறி, பின்னர் நெடுந்தூரம் உறிஞ்சப்பட்டே வர வேண்டியிருக்கிறது.

இது முட்டாள்தனமான விதியென்று படகுக்காரர் சிலர் முணுமுணுப்பதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பெட்ரோல் ஆவி காற்றினும் மும்மடங்குக்கு மேற்பட்ட கனமுடையது. வண்டியிற் கசிந்தால் தெருவில் வீழ்ந்து காற்றோடு கலந்து போகும். படகோ ஒரு கிண்ணம். கசிந்த ஆவி அடிப்பள்ளத்தில் தங்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு கலந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். பம்பு தொட்டியருகில் இருப்பின் குழாய் முழுதும் அழுத்தம் நிற்கும். சிறு துளை விழுந்தாலும் பெட்ரோல் பீச்சியடிக்கும். பம்பு இயந்திரத்தருகில் இருப்பின் அத்துளை வழியே காற்று உட்புகும், இயந்திரம் நிற்கும், அவ்வளவே. நடு ஏரியில் நிற்பது எரிவதினும் நன்று.

ஆகவே இடத்தை மாற்றவியலாதெனின் தடையைக் குறைத்தலே வழி. 500 குதிரைச் சக்தியுடைய இயந்திரம் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 150 லிட்டர் குடிக்கும். ஓட்டம் இருமடங்காயின் குழாயின் தடை ஏறத்தாழ நான்மடங்காம். ஆகலின் அகன்ற குழாய், குறைந்த வளைவுகள், பெரிய வடிகட்டி இவை வேண்டும். தானாக வழிந்தோடலைத் தடுக்கத் தொட்டி வாயில் வைக்கும் வால்வும் ஒரு தடையே. ஆயினும் அதனைக் கழற்றி எறிதல் தகாது. பம்பை 12 அங்குலத்திற்குள் இயன்றவரை தாழ, புகைக்குழாயின் சூட்டிற்கு விலகி, அடிப்பள்ளத்து நீர் எட்டாதவாறு, ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமைக்க. உள்ளே சென்ற காற்று தானே மேலேறிப் போகும்படி வெளிவாய் மேல்நோக்கி இருத்தல் நலம். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்து பம்பு சோர்வுறும். மலிவு கருதி மோட்டார் வண்டிப் பம்பை வாங்கிப் பூட்டுதல் பெருங்கேடு. படகுக்குரிய பம்பின் தீப்பொறி புறத்தே வாராதவாறு அடைக்கப்பட்டிருக்கும், அதிலோ அவ்வடைப்பு இராது.

இனி முன்னிரப்பல். பம்பின் உள்ளுறுப்புகளுக்கு எண்ணெயும் குளிர்நீரும் அப்பெட்ரோலே. வறண்டு சுழன்றால் தேய்ந்து கெடும். புதிய வடிகட்டியை வெறுமையாகத் திருகாமல் பெட்ரோல் நிரப்பித் திருகுவது பாதி வேலையை முடித்துவிடும். தொட்டியின் மூச்சுக்குழல் அடைபட்டிருக்கிறதாவெனப் பார்த்தல் வேண்டும். பின்னர் ஊதுவிசிறியை 4 நிமிடம் ஓட்டி, அடிப்பள்ளத்தை மோந்து பார்த்தபின்னரே சாவியைத் தொடுக. இயந்திரம் ஓடும்போதும் துவக்கும்போதும் அன்றிப் பம்பு ஓடலாகாதென்பது விதியாதலால், பல படகுகளில் சாவி திருப்பியதும் சில வினாடி ஓடிப் பம்பு தானே நிற்கும். அவ்வாறே விட்டுவிட்டுச் சிலமுறை திருப்பினால் காற்று சிறிது சிறிதாகக் கழியும். விடாமல் ஓட்டுதற்கென்று தனிக் கம்பியிழுத்துச் சட்டத்தை ஏய்ப்பவர், குழாய் அறுந்த அன்று அதன் பயனைக் காண்பர்.

உறிஞ்சு குழாயின் கசிவுக்கு ஓர் இயல்புண்டு: அது ஈரமாய்த் தெரியாது. பெட்ரோல் வெளிவருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போவதால், துணியால் துடைத்துப் பார்ப்பவனுக்கு ஒன்றும் அகப்படாது. பம்பின் முன்னே சிறிது நேரம் கண்ணாடிபோல் தெளிந்த குழாயொன்றைப் பூட்டிக் குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பர். சோதனை முடிந்ததும் அதனைக் கழற்றிவிட வேண்டும். படகின் உள்ளே நிற்கத் தகுந்த குழாய் இரண்டரை நிமிடம் தீயைத் தாங்கவல்லதாயிருத்தல் வேண்டும். கரையிற் கட்டிய படகில் குமிழி இன்மையால் எல்லாம் நலமென்று எண்ணவும் கூடாது. அங்கே இயந்திரம் பருகுவது மிகச் சிறிது. முழு வேகத்தில் பெட்ரோல் போதாதாயின் கலவையில் காற்று மிகுந்து, சூடேறி, பிஸ்டனின் தலை உருகும். ஆதலால் பம்பின் உறிஞ்சு வாயில் வெற்றிடமானி ஒன்றைப் பொருத்தி, முழு வேகத்தில் ஒருவர் படகைச் செலுத்த மற்றொருவர் முள்ளைக் கவனித்து வருதலே முறை.