கோதுமை ஒவ்வாத குடல்

தூக்குவாளியும் பரோட்டாக் கல்லும்

பொழுது புலருமுன்னே போடிநாயக்கனூரில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களின் தூக்குவாளியில் இன்றைக்கும் இருப்பது சோறும் குழம்பும்தான். ஆனால் அந்தி சாய்ந்து அவர்கள் இறங்கி வரும்போது பிள்ளைகளுக்குப் பொட்டலமாகப் போவது பரோட்டாவாக இருப்பது அபூர்வமன்று. கேழ்வரகும் குதிரைவாலியும் உண்டு வளர்ந்த பிரதேசத்துக்குள் மைதாவும் ரவையும் சேமியாவும் நுழைந்துவிட்டபடியால், வடநாட்டாருக்கே உரியதென்று ஒதுக்கிவைத்திருந்த சீலியாக் நோயைப் பற்றி இங்கேயும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முறியாத துண்டு

பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசித் துணிபோல் மெலிதாக்குகிறாரே, கிழியாமல் அது இழுபடுவதற்குக் காரணம் குளூட்டன் என்னும் புரதம். கோதுமையிலும், அதன் இனத்தைச் சேர்ந்த பார்லி, ரை தானியங்களிலும் உள்ள இவ்வகைப் புரதங்களே நோயாளிக்குத் தீங்கு செய்வன. அரிசியிலும் நம் சிறுதானியங்களிலும் அவை இல்லை. வயிற்றிலும் கணையத்திலும் சுரக்கும் நொதிகள் மற்றப் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகின்றனவாயினும், புரோலின் என்னும் அமினோ அமிலம் நெருங்கி வருகிற இடங்களில் அவற்றின் வெட்டு விழுவதில்லை. ஆகையால் 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு அப்படியே மிஞ்சிவிடுகிறது. ஏலக்காயைச் சலிக்கும்போது கண்ணில் இறங்காமல் சல்லடைமேல் நிற்கிற பருங்காயைப் போல என்று போடிக்காரருக்குச் சொல்லலாம். கிட்டங்கியில் அந்தக் காய்க்குத்தான் விலை அதிகம் என்பது வேறு விஷயம்.

இத்துண்டு எல்லோர் குடலிலும் மிஞ்சுவதுதான். சிலருக்கு மட்டும் அது சுவரைத் தாண்டி உள்ளே போய் விபரீதம் விளைவிக்கிறது. புண்பட்ட திசுவைத் தைத்துச் சீர்செய்யும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி, அத்துண்டிலுள்ள குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிட, அந்த மாற்றத்தால் அது டி.கியூ.2, டி.கியூ.8 என்ற மரபுக்கூறுகள் உடையவர்களின் காவல் அணுக்களில் சாவி பூட்டில் பொருந்துவதுபோலப் பொருந்துகிறது. அதைப் பகையென்று கண்ட டி அணுக்கள் இன்டர்ஃபெரான் முதலிய ரசாயனங்களைச் சொரிய, முன்னோர் தாபிதம் என்றும் நாம் அழற்சி என்றும் சொல்வது மூள்கிறது. சீர்செய்ய வந்த நொதியின் மீதே சரீரம் எதிர்ப்பொருள்களை ஏவுவதுதான் இதில் விசித்திரம். இதை 1997-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்த பிறகு, ரத்தப் பரிசோதனையால் நோயை இனங்காணுவது எளிதாயிற்று.

அழற்சி நீடிக்க நீடிக்க, சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நிற்கும் குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. மரங்களை வெட்டி மொட்டையடித்த சரிவில் மழைநீர் நிற்காமல் ஓடிவிடுவதைப் போல, இரும்பும் சுண்ணாம்பும் ஃபோலிக் அமிலமும் உறிஞ்சப்படாமலே குடலைக் கடந்து போய்விடுகின்றன.

ஹாலந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமையின்மேல் முன்னமே ஐயம் கொண்டிருந்தார். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி அரிதானபோது நோயுற்ற குழந்தைகள் தேறியது அவ்வையத்தை வலுப்படுத்த, 1950-இல் அதை ஆராய்ச்சி நூலாக வெளியிட்டார்.

ரத்தம் ஒன்று, தட்டு வேறு

நம் நாட்டைப் பற்றி, டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணா முதலானோர் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு முக்கியமானது. வடக்கே ஆயிரத்தில் எட்டரைப் பேருக்கு இருந்த நோய், தெற்கே ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒருவருக்கே இருந்தது. ஆனால் மேற்சொன்ன மரபுக்கூறுகளோ வடக்கே நூற்றுக்கு 38.1 பேரிடமும் தெற்கே 36.4 பேரிடமும் இருந்தன. தட்டில்தான் வித்தியாசம்: அங்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். நம்மைக் காத்தது ரத்தமன்று, சோறே என்று கருத இடமிருக்கிறது.

சந்தேகிக்க வேண்டிய வேளை

தெற்கே அரிதாக இருப்பதால் இதை யாரும் நினைப்பதில்லை என்பதுதான் சங்கடம். மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தசோகை தீராத பெண், வயிற்றுப்போக்கு விட்டுவிட்டு வரும் ஆள், வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத குழந்தை ஆகியோர் விஷயத்தில் இந்நோயையும் மருத்துவர் மனத்தில் கொள்ள வேண்டும். தோட்டங்களில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசத் தொழிலாளர் விஷயத்தில் இது இன்னும் அவசியம். எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனையும், சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து உட்கருவியால் கிள்ளியெடுக்கும் சதைப் பரிசோதனையும் கோதுமையை உண்டுகொண்டிருக்கும்போதே நடைபெற வேண்டும். தாமாகவே முன்கூட்டி நிறுத்திக்கொண்டவர்களுக்கு நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். நாகரிகம் கருதிக் கோதுமையை விலக்குவோரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

நோய் உறுதியானால் சிகிச்சை ஒன்றே: ஆயுள் முழுதும் குளூட்டன் இல்லாத ஆகாரம். இட்லி, தோசை, களி, கூழ் என்று உண்ணும் நம்மவருக்கு அது பெரிய தண்டனையன்று. பார்லி மால்ட் கலந்த சத்துப்பானங்களை விடவேண்டும். சாம்பாரிலும் ரசத்திலும் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் அது அச்சிடப்பட்டிருக்கிறது.